நெடும்பயணத்துக்கு எந்த ஹெல்மெட்? ஃபுல் ஃபேஸ், ஃபிளிப்-அப், டூயல் ஸ்போர்ட், ஓபன் ஃபேஸ்: ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பெருங்களத்தூர் தாண்டும்வரை எல்லா ஹெல்மெட்டும் நல்ல ஹெல்மெட்தான். திண்டிவனம் நெருங்கும்போது நடுநெற்றியில் ஒரு புள்ளி வலிக்கத் தொடங்கும். விழுப்புரத்தில் டீ குடிக்கக் கழற்றினால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். மறுபடி மாட்டிய பத்தாவது நிமிடம் அதே இடத்தில், முன்பைவிடக் கூடுதலாக வலிக்கும். திருச்சிக்குள் நுழையும்போது பாதிக் கவனம் சாலையில் இருக்காது, அந்தப் புள்ளியில் இருக்கும்.

தினம் 20 நிமிடம் ஆபீஸ் போய்வரும் ஹெல்மெட்டுக்கு இந்தச் சோதனை வருவதே இல்லை. அதனால்தான் பயணத் தேதி முடிவானதும், "எந்த வகை வாங்கலாம்?" என்று பலர் திண்டாடுகிறார்கள். வகைகள் நான்கு: தாடையோடு முகம் முழுக்க மூடுவது ஃபுல் ஃபேஸ், தாடைப் பகுதியை மேலே தூக்க முடிவது ஃபிளிப்-அப், நெற்றிக்கு மேலே வெயில் மறைப்பாகப் பீக் நீண்டிருப்பது டூயல் ஸ்போர்ட், தாடை மூடாதது ஓபன் ஃபேஸ். ஆனால் வகை இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி உங்கள் தலையின் வடிவம். வடிவம் பொருந்தாவிட்டால் 25,000 ரூபாய் ஹெல்மெட்டும் தலைவலிதான். பொருந்தினால் 2,000 ரூபாய் ஹெல்மெட்டிலும் நாகர்கோவில் வரை நிம்மதியாகப் போகலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பொருத்தம். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் எல் 58 செ.மீ., இன்னொரு கம்பெனியின் எல் 60 செ.மீ. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மில்லிமீட்டரில் எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

சுற்றளவு சரியாக இருந்தும் வலிப்பது ஏன்? தலை வட்டமாகவும் இருக்கலாம், முன்பின்னாக நீண்டும் இருக்கலாம். நீண்ட தலைக்கு வட்ட ஹெல்மெட் போட்டால் நடுநெற்றி வலிக்கும், பக்கவாட்டில் இடைவெளி இருக்கும். வட்டத் தலைக்கு நீள ஹெல்மெட் போட்டால் இரு நெற்றிப்பொட்டுகளும் வலிக்கும், முன்னும் பின்னும் ஆடும். இரண்டுக்கும் "ஒரு சைஸ் பெரிசாக் கொடுங்க" என்பது தீர்வாகாது. அடுத்த மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

சத்தம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சகஜம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற, தாங்கும் நேரம் பாதியாகிவிடும். 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம். இறங்கிய பிறகும் காதில் "ஙொய்" என்று கேட்டால், அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நாள் முழுக்க ஓட்டியவருக்கு வரும் சோர்வில் இந்த இரைச்சலுக்கும் பங்கு உண்டு.

காற்றோட்டம். முன்பக்கம் எத்தனை துவாரம் இருக்கிறது என்று எண்ணுவது வீண். உள்துணியைக் கழற்றிவிட்டு, துவாரத்தின் வெளியே செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். அதிர்ச்சியை வாங்க உள்ளே வைத்திருக்கும் தெர்மாகோலில் ஓட்டை இருந்தால் வெளிச்சம் வரும். விலை மலிவான பலவற்றில் வெளி ஓட்டில் (ஷெல்) மட்டும் துவாரம் இருக்கும், அதற்கு நேராக உள்ளே தெர்மாகோல் மூடியிருக்கும். அது வெறும் அலங்காரம். பின்பக்கமும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் நுழைய இடமே கிடைக்காது.

எடையும் காற்று இழுப்பும். தராசில் 200 கிராம் வித்தியாசத்தைவிட, 90-ல் போகும்போது காற்று தலையைப் பின்னுக்குத் தள்ளுவதும் மேலே தூக்குவதும்தான் கழுத்தைக் கொல்லும்.

தாடைப் பாதுகாப்பு. ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டீட்மர் ஓட்டே விபத்து ஹெல்மெட்டுகளில் அடி விழுந்த இடங்களைக் கணக்கெடுத்தார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தாடைப் பகுதியில் விழுந்திருந்தது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, அது இல்லாததைக் கையிலேயே எடுக்கக்கூடாது என்பதால். ஐ.எஸ். 4151 தரச்சான்று இல்லாத ஹெல்மெட்டை விற்பதற்கே 2021 ஜூன் 1 முதல் தடை. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். பெயர் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஃபுல் ஃபேஸ் | ஃபிளிப்-அப் | டூயல் ஸ்போர்ட் | ஓபன் ஃபேஸ் |
|---|---|---|---|---|
| எடை | 1.35–1.6 கிலோ | 1.6–1.8 கிலோ | 1.5–1.7 கிலோ | 1–1.25 கிலோ |
| 100-ல் சத்தம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் | மிக அதிகம் |
| மலைப்பாதையில் வேக்காடு | அதிகம் | நின்றதும் திறக்கலாம் | குறைவு | இல்லை |
| பக்கக் காற்று | நன்றாகத் தாங்கும் | தாங்கும் | பீக் இழுக்கும் | வைசர் (முகக் கண்ணாடி) ஆடும் |
| மூக்குக்கண்ணாடி | சிரமம் | மிக எளிது | நடுத்தரம் | எளிது |
| தாடை | பாதுகாப்பு உண்டு | பூட்டியிருந்தால் உண்டு | உண்டு | இல்லை |
| விலை, சுமார் | ரூ. 1,300–6,500 | ரூ. 1,800–7,500 | ரூ. 3,000–7,500 | ரூ. 900–1,600 |

விலைகள் ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட் போன்ற நம்மூர்க் கம்பெனிகளையும், அவர்களே சற்று மேல்தரத்துக்கு விற்கும் எஸ்.எம்.கே., ஆக்ஸர் போன்ற பெயர்களையும் வைத்துப் போட்டவை. இதற்கு மேலே வானம்தான் எல்லை. ஆனால் 7,000-க்கு மேல் போகும் பணத்தில் பெரும்பகுதி ஃபைபர் கிளாஸ், கார்பன் ஓட்டுக்குப் போகும். அதில் குறைவது 100–200 கிராம்.

## ஃபுல் ஃபேஸ்: யோசனை ஓடவில்லை என்றால் இது

நான்குவழிச் சாலையில்தான் பயணத்தின் பெரும்பகுதி என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். மூட்டு குறைவு, அதனால் சத்தம் குறைவு. வடிவம் வழவழப்பு, அதனால் லாரியை முந்தும்போது தலையை உலுக்காது. தாடைப் பகுதியும் வெளி ஓடும் சேர்ந்து ஒரே வார்ப்பு.

வலியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தப்பும். புது ஹெல்மெட்டில் கன்னம் இறுகுவது நல்ல அறிகுறி. பேசும்போது கன்னத்தின் உட்புறம் பல்லில் படும் அளவுக்கு இருக்கலாம். கன்னப் பேட் தடிமனான ஸ்பான்ஜ், சில நூறு கிலோமீட்டரில் அமுங்கிவிடும். நெற்றிக்குப் பின்னால் இருப்பது சில மில்லிமீட்டர் துணியும் ஸ்பான்ஜும், அதற்குப் பின்னால் தெர்மாகோல். தெர்மாகோல் அமுங்காது, அமுங்கவும் கூடாது. ஆகவே கன்னத்து வலி போகும், நெற்றி வலி போகாது. "போடப் போட சரியாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த இடத்து வலிக்குச் சொல்கிறார் என்று பாருங்கள். வலிக்கும் இடத்தில் ஸ்பூனால் தெர்மாகோலை அழுத்திக் குழி போடுவதும் நடக்கிறது. அடிபடும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பொருள் அது. முன்கூட்டியே நசுக்கிவிட்டால் அந்த இடத்தில் வேலை செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

குறைகளும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. 20–25 வேகத்தில் துவாரங்களில் காற்றே நுழையாது, முகம் அவியும். மேலே ஏறியதும் பனிமூட்டத்தில் வைசர் உள்ளே மூச்சுப் படிந்து வெளுத்துவிடும். அதற்கு பின்லாக் என்ற உள்தகடு இருக்கிறது. வைசரின் உட்புறம் இரு பக்கமும் சிறு ஊசிகள் உள்ள மாடலில்தான் அது பொருந்தும். ஊசி மட்டும் இருக்கும், தகடு தனி விலை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். இது இந்த வகையின் முதல் மறைமுகச் செலவு. இரண்டாவது, மாற்று வைசர். கறுப்பு வைசரோடு வாங்கினால் இரவுக்கு வெள்ளை வைசர் ஒன்று கூடவே வாங்கியாக வேண்டும், ரூ. 300 முதல் 1,000 வரை. அந்த மாடலின் வைசர் தனியாகக் கிடைக்கிறதா என்று ஹெல்மெட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

உள்ளேயே இறங்கும் கறுப்புக் கண்ணாடி உள்ள மாடல்கள் பிரபலம். மாலையில் பெங்களூரு பக்கம் ஓட்டுபவருக்குச் சூரியன் நேர்முகம், அப்போது அதன் அருமை தெரியும். ஆனால் அது மேலே ஒளிந்திருக்க இடம் வேண்டும், அந்த இடம் பெரும்பாலும் தெர்மாகோலிலிருந்து எடுக்கப்படுகிறது. எடையும் கூடும். மூக்கு நீளமானவர்கள் முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

## ஃபிளிப்-அப்: மூக்குக்கண்ணாடிக்காரர்களின் ஹெல்மெட்

தாடைப் பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். டோல்கேட்டில் பேச, தண்ணீர் குடிக்க, வழி கேட்க, ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டாம். கண்ணாடி போடுபவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. ஃபுல் ஃபேஸில் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, பிறகு கண்ணாடியின் காம்பைப் பேடுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். காதைச் சுற்றி வளையும் காம்பு என்றால் நுழையவே நுழையாது. ஒரு நாளில் பத்து இடத்தில் நின்றால் இதைப் பத்து முறை செய்ய வேண்டும். ஃபிளிப்-அப்பில் கண்ணாடியோடே தலையை நுழைக்கலாம். காம்பு நேராகவும் மெல்லியதாகவும் இருந்தால் இரண்டிலுமே வலி குறையும்.

இதற்குக் கொடுக்கும் விலை: கீல், பூட்டு, இரண்டாவது ஓட்டு என்று 200 கிராம் வரை கூடுதல், மூட்டு வழியாக வரும் விசில் சத்தம். முக்கியமானது பூட்டு. மூடும்போது இரு பக்கமும் சேர்ந்து "டக்" என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தாலும் மூடியது போலவே தோன்றும். மூடியபின் தாடையைப் பிடித்து இரு ஓரமும் மேலே இழுத்துப் பாருங்கள். பூட்டு ஊசி உலோகமா பிளாஸ்டிக்கா என்றும் பாருங்கள். உலோகமே நல்லது. செம்மண் புழுதியில் ஒரு வாரம் ஓடினால் கீல் கரகரக்கும், ஈரத்துணியும் பழைய டூத் பிரஷும் போதும்.

தாடையைத் தூக்கிவிட்டபடியே ஓட்டுபவர்களுக்கு: ஐரோப்பிய ஈ.சி.ஈ. முத்திரை உள்ள ஹெல்மெட் என்றால், ஸ்ட்ராப்பில் தைத்த துணியில் எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து இருக்கும். பி என்றால் மூடிய நிலையில் சோதித்தது. பி/ஜே என்றால் இரு நிலைக்கும் சோதித்தது. பி மட்டும் உள்ளதைத் தூக்கிக்கொண்டு 80-ல் போனால் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி, கழுத்துதான் இழுபடும்.

2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஃபிளிப்-அப்பை நெடும்பயணத்துக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே பணத்தில் நல்ல ஃபுல் ஃபேஸ் கிடைக்கும். கீல் வேலை செய்ய ஆகும் செலவை அந்த விலையில் வேறு எங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள்.

## டூயல் ஸ்போர்ட்: பீக் அழகு, ஆரல்வாய்மொழி தாண்டும்வரை

மேலே நீண்ட பீக், முன்னே துருத்திய தாடை. தாடை தள்ளியிருப்பதால் மூச்சு வைசரில் நேராகப் படாது, உள்ளே காற்று நிறைய. மலைச்சாலை, காட்டுவழி, மண் பாதை, மெதுவான ஓட்டம் என்றால் நான்கில் இதுதான் சுகம். சாய்ந்த வெயிலில் தலையை ஒரு சிட்டிகை குனிந்தால் பீக் நிழல் தரும்.

சிக்கல் 80-க்கு மேல். பீக் காற்றில் தூக்கும், தாடைக்கடியில் ஸ்ட்ராப் கழுத்தை இறுக்கும். தலையைத் திருப்பினால் ஒரு பக்கமாகத் தள்ளும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வண்டியையே நகர்த்தும். பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் இதே கதை. பீக்கைக் கழற்ற முடிகிற மாடலையே வாங்குங்கள், கழற்றியபின் ஸ்க்ரூ ஓட்டையை மூடும் சிறு மூடி பெட்டியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஓட்டையே விசிலடிக்கும். மாற்று வைசர் அகலமானது, விலையும் ஃபுல் ஃபேஸ் வைசரைவிடக் கூடுதல், சிறு ஊர்க் கடைகளில் கிடைக்காது.

## ஓபன் ஃபேஸ்

ஊருக்குள் போதும். நெடும்பயணத்துக்கு வேண்டாம். தாடைக்குப் பாதுகாப்பு இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சுகம் என்று பார்த்தாலும் தோற்றுவிடும்: 80-ல் வைசர் படபடக்கும், மழைத்துளி முகத்தில் ஊசியாகக் குத்தும், மாலையில் பூச்சி, நாள் முழுக்கத் தொண்டை வறட்சி. லேசாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் இரண்டாம் நாளே கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கலாம்.

## கடையிலும் வீட்டிலும் பார்க்க வேண்டியவை

சென்னை ஜி.பி. ரோடு போல வரிசையாகக் கடைகள் உள்ள இடத்துக்கு, கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். மாட்டியதும் ஸ்ட்ராப்பைப் போட்டு, கையால் ஹெல்மெட்டை இடவலமாகத் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. பிறகு பின்னாலிருந்து, பிடரிப் பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த மாடலே வேண்டாம். 15 நிமிடம் கழற்றாமல் நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

வீட்டில் 45 நிமிடம் போட்டுக்கொண்டு டி.வி. பாருங்கள். கழற்றியதும் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். நெற்றி முழுக்கப் பரவலான சிவப்பு சில நிமிடத்தில் மறையும், சரி. நடுவில் காசு அளவுக்கு ஒரே சிவப்பு வட்டம் என்றால் வடிவம் சேரவில்லை. மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே பேசி, வைசரின் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பயணத்தில் தலையில் என்னவெல்லாம் இருக்குமோ அத்தனையும் சோதனையின்போதும் இருக்க வேண்டும். வியர்வைக்குக் கர்ச்சீப் கட்டுபவர்கள் பின்னால் போடும் முடிச்சு இரண்டு மணி நேரத்தில் கல்லாகிவிடும். மெல்லிய தையலுள்ள துணிக் குல்லாயே மேல். கொண்டை, கிளட்ச் கிளிப் எதுவும் உள்ளே ஆகாது. கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிய சடை சரிப்படும். புளூடூத் ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் காதுக்கு நேரே தெர்மாகோலில் குழி உள்ள மாடலாகப் பாருங்கள். குழி இல்லாவிட்டால் ஸ்பீக்கர் காது மடலை மதியத்துக்குள் நசுக்கிவிடும்.

சத்தம் தாங்கவில்லை என்று ஹெல்மெட்டை மாற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனை. வண்டியில் உயரமான முன்கண்ணாடி இருந்தால், காலியான நேர்சாலையில் மிதமான வேகத்தில் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி நாலு அங்குலம் எழுந்து பாருங்கள். இரைச்சல் சட்டென்று சீராகிவிட்டால் குற்றவாளி முன்கண்ணாடி. அதன் விளிம்பில் உடையும் காற்று நேராகத் தலையில் மோதுகிறது. எந்த ஹெல்மெட் வாங்கினாலும் அது தீராது.

பின்னால் உட்காருபவருக்கு வீட்டில் கிடக்கும் பழையதை எடுத்துக் கொடுப்பது வழக்கம். சட்டம் இருவருக்கும் ஒன்றே, வலியும் ஒன்றே. மேலும், தளர்ந்த ஹெல்மெட் ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் பின்மண்டையில் வந்து முட்டும். அவருக்கு முன்கண்ணாடி மறைப்பும் இல்லை, எனவே இருவரில் லேசான, இறுக்கமான ஹெல்மெட் அவருக்குப் போக வேண்டும்.

புறப்பட இன்னும் மூன்று வாரம் இருந்தால் புதியது வாங்கி, வார இறுதிகளில் இரண்டிரண்டு மணி நேரமாக நாலைந்து முறை ஓட்டிப் பழக்குங்கள். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் புதியது வேண்டாம். பழைய ஹெல்மெட் கீழே விழுந்து அடிபடாமல், உள்ளே அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து 5 வருடம் தாண்டாமல் இருந்தால், அதற்கே புதுக் கன்னப் பேடும் புது வைசரும் வாங்கிப் போடுங்கள். உள்துணியை ஷாம்பு போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். உலர ஒரு நாள் முழுக்க ஆகும், ஆகவே கிளம்புவதற்கு முந்தின இரவில் நனைத்துவிடாதீர்கள்.